மண் தரையா, மெழுகு மணலா? குதிரைப் பந்தயத் தரை பற்றி வாசகர் கேள்விகள்

பந்தயத் தரைகளைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம். “சனிக்கிழமை மூன்றாவது ரேஸில் எது வரும்?” என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அந்த வேலை இந்தப் பகுதிக்கு இல்லை.

ஸ்கார்பரோ: கனகாலமாக டொரண்டோவின் உட்பைன் டிராக்குக்குப் போய்வருகிறேன். அங்கே ஓடுவது டர்ட் என்றுதான் எண்ணியிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் டேபெட்டா என்கிறார். பார்க்க இரண்டும் ஒரே பழுப்பு. என்னதான் வித்தியாசம்?

நிறத்தில் ஏமாந்தவர் நீங்கள் மட்டுமல்ல. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டர்ட் என்பது மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண். அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை தண்ணீர்தான். தண்ணீர் லாரி ஓடாவிட்டால் புழுதி, அளவு மீறினால் சேறு. மேலே 3 அல்லது 4 அங்குலத்துக்கு உழுது தளர்த்திய மெத்தை, அதன் கீழே இறுக்கிய அடித்தளம். டேபெட்டாவில் பசை மெழுகு. சன்ன மணலோடு நறுக்கிய செயற்கை இழைகளைக் கலந்து முழுக்க மெழுகு பூசிவிடுகிறார்கள். பாலிட்ராக் என்ற இன்னொரு தயாரிப்பில் ரப்பர் துணுக்குகளும் சேரும். செயற்கைத் தரை என்று சொல்லும் இந்த வகைத் தரைகள் பொதுவாக 4 முதல் 7 அங்குல ஆழம் இருக்கும். கையில் அழுத்தினால் கொழுக்கட்டை மாவு போலப் பிடிபடும், விட்டால் உதிரும். விரலில் ஈரம் ஒட்டாது.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான் பெரியது. அது தண்ணீர் போகும் வழி. டர்ட்டில் மழைநீர் கீழே இறங்குவது அபூர்வம். பக்கவாட்டில் உள்வேலிப் பக்கம் வழிந்தோட வேண்டும். அதற்காகவே நேர்ப்பகுதியில் சுமார் 2 சதவீதச் சரிவு வைத்திருப்பார்கள், வளைவில் இன்னும் கூடுதல். செயற்கைத் தரையில் தண்ணீர் நேராகக் கீழே இறங்கி, நுண்துளைத் தார்த்தளம் அல்லது ஜல்லி வழியாகத் துளைக் குழாய்களுக்குப் போய்விடும். மழை நாளில் இரண்டு தரைகளும் இருவேறு விதமாக நடந்துகொள்ள இதுதான் காரணம்.

உட்பைனில் 2006-இல் பாலிட்ராக் போட்டார்கள், 2016-இல் அதை எடுத்துவிட்டு டேபெட்டா. உங்கள் கனகாலம் 2006-க்கு முன்பே தொடங்கியிருந்தால், அப்போது நீங்கள் பார்த்தது டர்ட்தான். டேபெட்டாவை உருவாக்கியவர் மைக்கேல் டிக்கின்சன். 1983-இல் இங்கிலாந்தின் செல்ட்னம் கோல்டு கப் பந்தயத்தின் முதல் ஐந்து இடங்களையும் தன் லாயத்துக் குதிரைகளாலேயே நிரப்பிய பயிற்சியாளர். லத்தீனில் டேபெட்டா என்றால் கம்பளம்.

பிராம்ப்டன்: அமெரிக்க டிராக்குகளில் ஃபாஸ்ட், குட், மடி, ஸ்லாப்பி என்று விதவிதமாகப் போடுகிறார்கள். செயற்கைத் தரையில் மழை கொட்டினாலும் ஃபாஸ்ட் என்கிறார்கள். அப்படியானால் தரையைப் பற்றிக் கவலையே வேண்டாமா?

முதலில் டர்ட்டின் பெயர்களைச் சரியாகப் புரிந்துகொள்வோம். ஃபாஸ்ட் என்றால் காய்ந்த, சீரான தரை. ஸ்லாப்பி என்றால் மேலே தண்ணீர் நிற்கிறது, ஆனால் அடித்தளம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. குளம்பு சளக்கென்று அடித்தளத்தைத் தொட்டு எழும்பிவிடும். நேரம் வேகமாகவே வரும். மடி என்றால் மேல்தண்ணீர் வடிந்துவிட்டது, மெத்தை முழுக்க ஊறிப்போய்க் குளம்பைப் பிடித்து இழுக்கிறது. களைப்பு இங்கேதான் அதிகம். ஸ்லாப்பிதான் படுமோசம் என்று நினைத்துத் தலைகீழாகக் கணக்குப் போடுகிறவர்கள் நிறைய.

இன்னொரு சொல், சீல்டு. மழை வரப்போகிறது என்று தெரிந்தால், தளர்த்திய மெத்தையை அழுத்தி மூடிவிடுவார்கள். தண்ணீர் உள்ளே புகாமல் மேலோடு வழிந்துவிடும். சீல் செய்த தரை விறைப்பானது, அதில் முன்னால் ஓடும் குதிரைக்கு வசதி. மழை நின்ற மறுநாள் திரும்பவும் பரம்படித்துத் திறப்பார்கள். தண்ணீர் உள்வேலி ஓரம்தான் கடைசியாக வடியும் என்பதால் அந்த ஓரம் கனத்துக் கிடக்கலாம். வெளியே வந்து ஓடிய குதிரை ஜெயிக்கும், ஓரத்தில் ஒட்டி ஓடிய நல்ல குதிரை தோற்கும். அப்படித் தோற்றதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த ஓட்டத்தில் நல்ல விலைக்கு, அதாவது ஜெயித்தால் கூடுதல் பணம் தரும்படி, கிடைக்கும். என்னைக் கேட்டால், கொட்டும் மழையை விட இந்த மறுநாள்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய நாள்.

செயற்கைத் தரைக்கு மழை பொருட்டல்ல என்பது பெரும்பாலும் உண்மை. அதற்கு வெயில்தான் பொருட்டு. மெழுகு சூட்டில் இளகும், குளிரில் இறுகும். காலைப் பயிற்சியில் ஒரு விதமாகவும் உச்சிவெயிலில் வேறு விதமாகவும் இருக்கும். கலிஃபோர்னியாவின் டெல் மார் டிராக்கில் 2007-இல் பாலிட்ராக் போட்ட முதல் கோடையில் பெரிய புகாரே இதுதான். காலையில் குதிரை பறக்கிறது, மதியம் ரேஸ் நேரத்தில் இழுபறி. ஃபாஸ்ட் என்ற ஒரே சொல்லை ஆண்டு முழுக்க ஒட்டி வைப்பதால் இந்த மாறுதல் ரேஸ் புத்தகத்தில் தெரியாது. உங்கள் குறிப்பேட்டில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சி: செயற்கைத் தரையில் முன்னால் ஓடுகிற குதிரை ஜெயிக்காது, பின்னாலிருந்து வருவதைத்தான் பிடிக்க வேண்டும் என்கிறார் நண்பர். சரியா?

பாதி சரி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு பணம் கட்டினால் முழுதாகப் போய்விடும்.

டர்ட்டில் முன்னால் ஓடுவதன் லாபம் இரண்டு. ஒன்று, வாரியடிக்கும் மண். முன்னே போகும் குதிரையின் குளம்பு அள்ளி வீசும் மண்கட்டி பின்னால் வருவதன் முகத்தில் சவுக்கடி போல விழும். பழக்கமில்லாத குதிரை தலையைத் தூக்கும், ஓட்டத்தைச் சுருக்கும். ஜாக்கி நாலைந்து கண்ணாடிகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவதும் இதனால்தான். இரண்டு, டர்ட்டில் எல்லோரும் ஆரம்பத்திலேயே முழு வேகத்தில் பாய்ந்து, கடைசியில் எல்லோருமே களைத்து வருவார்கள். எல்லோரும் களைத்தபின் முன்னால் இருப்பதைப் பிடிப்பது கடினம். புரிவதற்காக ஓர் உதாரணம்: 6 ஃபர்லாங் (முக்கால் மைல்) டர்ட் ஓட்டத்தில் முதல் கால் மைல் 22 வினாடி, அரை மைல் 45, முடிவு 70 என்றால், கடைசிக் கால் மைலுக்கு 25 வினாடி ஆகியிருக்கிறது.

செயற்கைத் தரையில் வாரியடிப்பது குறைவு, இறைப்பதும் லேசானது. பின்னால் ஓடுவதற்குத் தண்டனை இல்லை. ஆகவே ஜாக்கிகள் ஆரம்பத்தில் அடக்கி வைத்து, புல்தரையில் ஓடுவது போலக் கடைசியில் விடுகிறார்கள். அதே 70 வினாடி 23, 46½ என்று போய்க் கடைசிக் கால் மைல் 23½-இல் முடியலாம். மொத்த நேரம் ஒன்றுதான், ஓட்டத்தின் வடிவம் வேறு. மொத்த நேரத்தை மட்டும் வைத்துப் போடும் வேக எண்களைத் தரைக்குத் தரை அப்படியே ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

உங்கள் நண்பர் விட்ட மறுபாதி இது. எல்லோரும் அடக்கி வைத்தால், சும்மா முன்னால் போய் உட்கார்ந்த குதிரைக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்துவிடும். கென்டக்கியின் கீன்லாந்து டிராக்கில் பாலிட்ராக் இருந்தபோது 2007 புளூ கிராஸ் பந்தயத்தில் அரை மைலைக் கடக்க 51 வினாடிக்கு மேல் ஆனது. அப்படி நடந்து போகும் வேகத்தில் முன்னணிக் குதிரை களைக்கவே களைக்காது. ஆகையால் தரையின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த ரேஸில் முன்னால் போக விரும்பும் குதிரைகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் டேபெட்டாவிலும் அதற்குத்தான் வாய்ப்பு. மூன்று நான்கு இருந்தால் டர்ட்டிலும் பின்னாலிருந்து வருவது எழும்பும்.

இன்னொன்று. ஒரு நாளில் இரண்டு ரேஸ் முன்னாலிருந்து முடிந்துவிட்டால் “இன்றைக்கு டிராக் பயாஸ்”, அதாவது தரையே ஒரு பக்கம் சாய்கிறது, என்று கூவுகிறவர்களை நம்பாதீர்கள். ஜெயித்த அந்த இரண்டும் ஏற்கெனவே ஃபேவரிட்டாக, அதாவது கூட்டம் அதிகம் கட்டியதாக, இருந்தால் பயாஸுக்கு அது சாட்சியே அல்ல. 20-க்கு 1 விலையுள்ள, அதாவது கூட்டம் பெரிதாக நம்பாத குதிரை முன்னாலேயே போய்க் கடைசி வரை தாக்குப்பிடித்து இரண்டாவதாக வந்தால், அதுதான் சாட்சி.

சிங்கப்பூர்: இங்குள்ள கிராஞ்சி டிராக் மூடப்பட்ட பிறகு இங்கிலாந்தின் ஆல்-வெதர் (செயற்கைத் தரை) ரேஸ்களைப் பார்க்கிறேன். கிராஞ்சி பாலிட்ராக்கில் கற்றது லிங்ஃபீல்டு பாலிட்ராக்குக்கு ஒத்துவருமா?

2024 அக்டோபர் 5-இல் கிராஞ்சியின் கடைசி ஓட்டம் முடிந்ததோடு அந்தப் பாடத்தையும் மூட்டை கட்டி வைத்துவிடலாம். பெயர் ஒன்றே தவிர, வெப்பநிலை வேறு, டிராக்கின் வடிவம் வேறு. லிங்ஃபீல்டில் கடைசி வளைவுக்குள் நுழையும்போது இறக்கம், அதன் பிறகு வரும் நேர்ப்பகுதி குட்டை. இறக்கத்தில் வேகம் பிடித்து முதலில் திரும்புகிறவனுக்குச் சாதகம். நியூகாசிலில் டேபெட்டாவில் ஒரு மைல் நேராகவே ஓடலாம், வளைவே கிடையாது. அங்கே மூச்சு பிடிக்கத் தெரிந்த குதிரை வேண்டும். கெம்ப்டன் வலக்கைப் பக்கம் சுற்றும் டிராக்.

இதற்கெல்லாம் தனி ரகமாக இருந்தது சவுத்வெல். 1989 முதல் 2021 வரை அங்கே ஃபைபர்சேண்ட், அதாவது மெழுகில்லாமல் இழை மட்டும் கலந்த மணல். ஆழமானது, மெதுவானது, முகத்தில் நன்றாக வாரியடிக்கும். அங்கே மட்டுமே ஜெயித்து, வேறெங்கும் ஜெயிக்காத குதிரைகள் இருந்தன. 2021 கடைசியில் டேபெட்டா போட்டதும் அந்தச் சாம்பியன்களின் பழைய ரெக்கார்டு செல்லாக்காசு ஆனது. பழைய ஓட்டக் குறிப்பில் “சவுத்வெல்” என்று மட்டும் பார்த்துவிட்டு, தேதியைப் பார்க்காமல் பணம் கட்டியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

சிகாகோ: கென்டக்கி டெர்பிக்குச் செயற்கைத் தரையில் ஜெயித்துவிட்டு வரும் குதிரையை ஒதுக்கிவிடலாமா?

ஒதுக்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்ட வரலாறு உண்டு. 2011-இல் அனிமல் கிங்டம் டர்ட்டில் ஒரு முறை கூட ரேஸ் ஓடாமல் டெர்பிக்கு வந்தது. கென்டக்கியின் டர்ஃப்வே டிராக்கில், பாலிட்ராக் தரையில் ஸ்பைரல் ஸ்டேக்ஸ் ஜெயித்திருந்தது, அவ்வளவே. 20-க்கு 1 விலையில் டெர்பியைத் தட்டிக்கொண்டு போனது. 2013-இல் துபாய் உலகக் கோப்பையை டேபெட்டாவில் வென்றதும் அதுவே. 2022-இல் 80-க்கு 1 விலையில் உலகத்தையே வாய்பிளக்க வைத்த ரிச் ஸ்ட்ரைக், அதற்கு முந்தைய ஓட்டத்தில் டர்ஃப்வே டேபெட்டாவில் மூன்றாவதாக வந்தது. 2023-இல் அதே டர்ஃப்வே பந்தயத்தை ஜெயித்த டூ ஃபில்ஸ் டெர்பியில் இரண்டாவது.

எதிர்ப்பக்கம் பார்த்தால், மேலே சொன்ன 2007 புளூ கிராஸில் ஸ்ட்ரீட் சென்ஸை மூக்கு அளவில் தோற்கடித்தது டொமினிகன். டெர்பியில் ஸ்ட்ரீட் சென்ஸ் ஜெயித்தது, டொமினிகன் பின்வரிசையில் காணாமல் போனது. அந்த நாளில் செயற்கைத் தரைத் தோல்வியை மன்னித்தவர்களுக்குத்தான் காசு.

டர்ட் ராஜாக்கள் செயற்கையில் சறுக்குவதற்கு 2008 பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை விடச் சிறந்த பாடம் இல்லை. சான்டா அனிடாவில் புரோ-ரைட் என்ற செயற்கைத் தரை. கர்லின் அதற்கு முந்தைய ஆண்டின் கிளாசிக்கைச் சேற்றில் ஜெயித்தது, அந்த ஆண்டு துபாய் உலகக் கோப்பையையும் ஜெயித்தது. கூட்டம் அதன் மேல் கண்ணை மூடிக்கொண்டு கட்டியது. வந்ததோ நான்காவது. முதல் இரண்டு இடங்கள் ரேவன்ஸ் பாஸ், ஹென்றி தி நேவிகேட்டர். இரண்டுமே ஐரோப்பியப் புல்தரைக் குதிரைகள். மறு ஆண்டு அதே தரையில் ஜென்யாட்டா ஜெயித்தபோது இரண்டாவதாக வந்த ஜியோ பான்டியும் புல்தரைக் குதிரைதான். ஜென்யாட்டாவோ தரை பார்க்காத பிறவி. ஓடிய 20-இல் 19 வெற்றி, ஓக்லான் டர்ட்டிலும் ஆப்பிள் பிளாசம் பந்தயத்தை இரண்டு முறை எடுத்தது.

இவற்றிலிருந்து எடுக்க வேண்டியது இவ்வளவுதான். புல்லிலிருந்து செயற்கைக்குப் போவது சின்னத் தாவல். செயற்கையிலிருந்து டர்ட்டுக்குப் போவது பெரிய தாவல். ஆனால் தாண்ட முடியாததல்ல. தாண்டுமா என்று பார்க்க மூன்று இடம் உண்டு: டர்ட்டில் செய்த காலைப் பயிற்சி ஓட்டத்தின் நேரம், அம்மா அப்பா வம்சம், பின்னால் ஓடும்போது மண் பட்டால் எப்படி நடந்துகொள்கிறது என்பது. மூன்றாவதுதான் முக்கியம், அதுதான் எண்ணில் வராதது. ரேஸ் வீடியோவைப் பாருங்கள்.

சான் ஹோசே: செயற்கைத் தரை குதிரைக்குப் பாதுகாப்பு என்றால், கலிஃபோர்னியாவில் போட்டுவிட்டு ஏன் எடுத்தார்கள்?

எண்ணிக்கையில் அது பாதுகாப்பானதுதான். அமெரிக்க ஜாக்கி கிளப் 2009 முதல் தொகுக்கும் காயப் பதிவேட்டில், 2023-இல் ஆயிரம் ஓட்டத்துக்கு (ஒரு குதிரை ஒரு ரேஸில் ஓடுவது ஓர் ஓட்டம்) உயிரிழந்த குதிரைகள் செயற்கையில் 0.97, புல்லில் 1.13, டர்ட்டில் 1.43. எந்தத் தரையில் எந்தத் தரக் குதிரைகள் ஓடுகின்றன, பராமரிப்பு எப்படி என்பதெல்லாம் இதில் கலந்திருக்கிறது. இருந்தாலும் இடைவெளி ஒரு வருட அதிசயம் அல்ல.

எடுத்ததற்குக் காரணம் அவசரம். கலிஃபோர்னியா பந்தய வாரியம் 2006-இல், பெரிய டிராக்குகள் எல்லாம் 2007 முடிவதற்குள் செயற்கைத் தரைக்கு மாற வேண்டும் என்று உத்தரவு போட்டது. தொழில்நுட்பம் அந்த வெயிலிலும் அத்தனை ஓட்டங்களிலும் சோதிக்கப்படாதது. ஆளுக்கொரு தயாரிப்பு: ஹாலிவுட் பார்க்கில் குஷன் டிராக், டெல் மாரில் பாலிட்ராக், கோல்டன் கேட்டில் டேபெட்டா. சான்டா அனிடாவில் போட்ட குஷன் டிராக்கில் தண்ணீர் கீழே இறங்கவேயில்லை. 2008 தொடக்கத்தில் மழை பிடித்ததும் 11 நாள் ஓட்டம் ரத்தானது. மழைக்கு அஞ்சாத தரை என்று வாங்கியது மழையில் படுத்துவிட்டது! அதே ஆண்டு புரோ-ரைடுக்கு மாற்றிப் பார்த்தார்கள், 2010 டிசம்பரில் டர்ட்டுக்கே திரும்பிவிட்டார்கள். டெல் மார் 2015-இல் திரும்பியது. ஹாலிவுட் பார்க் 2013-இலும் கோல்டன் கேட் 2024-இலும் மூடப்பட்டன.

இன்னொரு காரணம் சந்தை. அமெரிக்காவின் பெரிய பரிசுப் பந்தயங்கள் டர்ட்டில். டெர்பிக்கு ஒத்திகை பார்க்க டர்ட் வேண்டும். இனவிருத்திக்கு விலைபோவதும் டர்ட் வெற்றி. கீன்லாந்து 2014-இல் பாலிட்ராக்கை எடுத்தது, 2015-இல் பிரீடர்ஸ் கப் முதன்முறையாக அங்கே நடந்தது. துபாய் மெய்டானிலும் 2010 முதல் 2014 வரை டேபெட்டா. அமெரிக்கக் குதிரைகள் வரத் தயங்கின, 2015 உலகக் கோப்பை டர்ட்டில்.

ஆனால் கதை முடியவில்லை. 2018 டிசம்பர் 26-இல் தொடங்கிய சான்டா அனிடா பருவத்தில் 2019 ஜூனுக்குள் 30 குதிரைகள் இறந்தன. பயிற்சியில் இறந்தவையும் புல்தரையில் இறந்தவையும் இதில் சேர்த்தி. அதன்பின் செயற்கைத் தரைப் பேச்சு மீண்டும் எழுந்தது. ஃபுளோரிடாவின் கல்ஃப்ஸ்ட்ரீம் 2021-இல் டேபெட்டா போட்டது, நியூயார்க் பெல்மாண்ட் பார்க்கின் மறுகட்டுமானத் திட்டத்திலும் ஒரு செயற்கைத் தளம் சேர்ந்தது. என் கருத்து கேட்டால், தரை தோற்கவில்லை, போட்ட விதம்தான் தோற்றது.

மிசிசாகா: கனடா டிரிபிள் கிரவுன் மூன்று ரேஸும் மூன்று தரை என்கிறார்களே?

ஆமாம், உலகத்தில் இதுபோன்ற சோதனை வேறெங்கும் எளிதில் கிடைக்காது. கிங்ஸ் பிளேட் உட்பைன் டேபெட்டாவில் 1¼ மைல். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஃபோர்ட் ஈரி டர்ட்டில் 1 3/16 மைல். பிரீடர்ஸ் ஸ்டேக்ஸ் உட்பைன் புல்லில் 1½ மைல். கடைசியாக மூன்றையும் எடுத்தது 2003-இல் வாண்டோ. அப்போது முதல் ரேஸும் டர்ட். செயற்கைத் தரை வந்த பிறகு மூன்றையும் எடுத்த குதிரை இல்லை. 2020-இல் ஒற்றைக்கண் மைட்டி ஹார்ட் முதல் இரண்டையும் எடுத்துவிட்டு புல்லில் தோற்றது.

பந்தயம் கட்டுகிறவருக்கு சுவாரசியமானது நடுவிலுள்ள ஃபோர்ட் ஈரி. கிங்ஸ் பிளேட்டில் முதலில் வந்ததற்குக் கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு கட்டும். அதுவோ வாழ்நாளில் டர்ட்டை மிதித்ததே இல்லாமல் இருக்கலாம். ரேஸ் புத்தகத்தில் குதிரையின் பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஃபாஸ்ட் டர்ட், ஈரம், செயற்கை, புல் என்று தனித்தனி வரிசை போட்டிருப்பார்கள். ஓட்டக் குறிப்பில் புல்லுக்கு வட்டத்துக்குள் ஒரு டி, டர்ட்டுக்குக் குறி கிடையாது. செயற்கைக்குத் தனிக் குறி. மொத்த வெற்றி எண்ணிக்கையை விட்டுவிட்டு அந்த வரிசைகளைத்தான் படிக்க வேண்டும்.

மயாமி: புல்தரை ரேஸை மழையால் டேபெட்டாவுக்கு மாற்றிவிட்டால் என் பிக் 4 டிக்கெட் (தொடர்ந்து நான்கு ரேஸில் ஜெயிப்பவற்றைச் சொல்லும் பந்தயம்) என்னாகும்?

முதலில் குதிரைப் பட்டியலின் அடியைப் பாருங்கள். மெயின் டிராக் ஒன்லி என்று போட்டிருக்கும் குதிரைகள் புல்லில் ஓடாது. ரேஸ் வேறு தரைக்கு மாறினால் மட்டும் உள்ளே வரும். கூட்டம் கவனிக்காத இடம் இது. சாதாரணமாகப் புல்லிலிருந்து டர்ட்டுக்கு மாற்றினால் பாதிக் குதிரைகள் விலகிவிடும், ஐந்தாறு மிஞ்சும். டேபெட்டாவுக்கு மாற்றினால் பலர் விலகாமல் ஓடுவார்கள். கல்ஃப்ஸ்ட்ரீம் அதைப் போட்டதன் நோக்கங்களில் அதுவும் ஒன்று.

டிக்கெட் விஷயத்தில், பிக் 4-க்குப் பணம் கட்டும் நேரம் மூடிய பிறகு தரை மாறினால் பல மாநிலங்களில் அந்த ரேஸை “எல்லோரும் ஜெயித்தது” என்று கணக்கு வைப்பார்கள். நீங்கள் அந்த ரேஸில் யாரை எடுத்திருந்தாலும் தாண்டிவிடும். பரிசுத்தொகை சுருங்கும். மூடுவதற்கு முன்பே மாறினால் இந்தச் சலுகை கிடையாது, நீங்கள்தான் டிக்கெட்டைத் திருத்த வேண்டும். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டிக்கெட் வாங்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை: கிண்டியில் இதெல்லாம் உண்டா?

இல்லை. கிண்டியின் ரேஸ் டிராக் புல்தரை. இங்கே பார்க்க வேண்டியது பெனட்ரோமீட்டர் (தரையின் மென்மையை அளக்கும் கருவி) காட்டும் அளவும், உள்வேலி எவ்வளவு தள்ளிப் போடப்பட்டிருக்கிறது என்பதும்தான்.

ஒட்டாவா: கடைசியாக நேராகக் கேட்கிறேன். எந்தத் தரையில் கட்டினால் லாபம்?

தரைக்கு லாபம் கிடையாது. கூட்டம் தரையைத் தவறாகப் படிக்கும் இடத்தில்தான் லாபம். பாரி-மியூச்சுவல் முறையில், அதாவது எல்லோர் பணத்தையும் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் முறையில், நீங்கள் எதிர்த்து ஆடுவது டிராக்கை அல்ல, பக்கத்தில் நின்று டிக்கெட் வாங்குகிறவர்களை. ஒரு கணக்கு. வின் தொகுப்பில் (முதலிடத்துக்குக் கட்டும் பணம்) 10,000 டாலர் சேர்ந்தது, டிராக் 17 சதவீதம் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 8,300. ஒரு குதிரை மேல் 2,075 டாலர் கட்டியிருக்கிறார்கள். அது ஜெயித்தால் ஒரு டாலருக்கு 4 டாலர் கிடைக்கும். கூட்டத்தின் மதிப்பில் அதன் வாய்ப்பு 20.75 சதவீதம். நீங்கள் கை நஷ்டப்படாமல் இருக்க அது 25 சதவீதம் ஜெயிக்க வேண்டும். அந்த நாலேகால் புள்ளியைத் தாண்டும் அளவுக்குத் தரையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருந்தால் கட்டலாம். “டேபெட்டாவில் நன்றாக ஓடும் போலிருக்கிறது” என்ற அளவு ஊகத்துக்கு அந்த இடைவெளியைத் தாண்டும் பலம் கிடையாது.

கூட்டம் தவறாகப் படிக்கும் இடங்கள் பெரும்பாலும் இவை. டர்ட்டில் முதலில் வந்துவிட்டு முதல் முறை செயற்கைக்கு வரும் ஃபேவரிட். இது விலைக்கு மேல் விற்கப்படும். டர்ட்டில் ஏழாவது எட்டாவது வந்து, அதற்கு முன்பு செயற்கையில் நன்றாக ஓடி, இப்போது திரும்பி வரும் குதிரை. இது மலிவு. கடைசி ஓட்டத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தள்ளிவிடுகிறார்கள். புல்லில் ஓடிப் பழகி முதல் முறை டேபெட்டாவுக்கு வருவதும் சில சமயம் மலிவு. ஆனால் கல்ஃப்ஸ்ட்ரீம் போன்ற இடங்களில் இதைக் கூட்டம் இப்போது கற்றுக்கொண்டுவிட்டது.

தொடங்குகிறவர் ஒரே ஒரு டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரேஸுக்கும் தேதி, தூரம், வெப்பநிலை, ஓடிய குதிரைகள், முதல் கால் மைல், அரை மைல், முடிவு நேரம், ஜெயித்தது கடைசி வளைவில் எத்தனையாவது இடத்தில் இருந்தது, உள்ளே ஓடியதா வெளியே ஓடியதா என்று எழுதுங்கள். 100 ரேஸ் சேரும் வரை பணம் கட்டாமல் காகிதத்தில் மட்டும் கட்டிப் பாருங்கள். இடையில் டிராக்கில் மெழுகு புதுப்பித்தாலோ புது மணல் சேர்த்தாலோ, அதற்கு முந்தைய பக்கங்களின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, எண்ணிக்கையை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.